நிலைப்படியும் நின்றுபோகும் காலும்

மயிலாப்பூர் மாடவீதிகளின் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாங்கட்டு என்று கட்டுக்குக் கட்டு நிலைப்படி உண்டு. பார்க்கின்சன் நோயாளிக்கு இது தோதான அமைப்பல்ல. நிலையருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். ஈர முற்றமும், ராத்திரியில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போவதும் விழுவதற்கே வழி.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். 1960களின் இறுதியில் லெவோடோப்பா மாத்திரை வந்தது. விறைப்பு தளர்ந்தது, தடுமாற்றம் அந்த அளவுக்குத் தணியவில்லை. மாத்திரை எட்டாத இடத்தில் வீட்டைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரிலும், பிற்பாடு அடையாறு அடுக்ககங்களிலும் படிகள் குறைந்தன. கழிப்பறையும் படுக்கையறையோடு சேர்ந்தது. ஆனால் வழவழ டைல்ஸ் புது வம்பு. அழகுக்காகப் போட்டதென்று அதை மாற்ற மனம் வராது. சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, சுருளாத மிதியடி ஆகியவை அதற்குப் பரிகாரம். நிலையருகே தரையில் குறுக்காக ஒட்டும் பளிச்சென்ற நாடாவும் பயன்படும். குறுக்குக் கோட்டைக் கண்டால் நின்ற கால் அதைத் தாண்ட எழும் என்பதை லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இல் பதிவுசெய்திருந்தார்.