மண்டோதரியின் ஊரில் இராவணன்

மண் முந்தியோ மங்கை முந்தியோ என்று தன் தொன்மையைச் சொல்லிக்கொள்ளும் ஊர் உத்தரகோசமங்கை. ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் நின்று, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பின்றிக் காட்சி தரும் மரகத நடராசருக்காகவே பெரும்பாலோர் அங்கே செல்கிறார்கள். நமக்கோ அவ்வூர் மண்டோதரியின் ஊர். இராவணன் அவளை மணந்தது இத்தலத்திலேதான் என்பது உள்ளூர் வழக்கு. மாணிக்கவாசகரும் வண்டோதரி என்ற பெயரால் அவளுக்கு இறைவன் அருளியதைத் திருவாசகத்தில் பாடுகிறார்.

மணம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் நின்று, அம்மணம் சிதைந்த கதையைக் கம்பனிடம் படிப்பது தனி அனுபவம். சூர்ப்பணகையின் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், கண்ணால் காணாத ஒருத்திக்காக இராவணன் பித்தாகிறான். பருவங்களை மாறச் சொல்கிறான். நிலவை அழைத்துப் பின் விரட்டுகிறான். எதிரே சீதையின் உருவெளி தோன்றுகிறது. இவள்தானா என்று தங்கையை அழைத்துக் கேட்கிறான். அவளோ, அங்கே நிற்பவன் இராமன் என்கிறாள். ஒரே வெற்றிடத்தில் இருவரும் தத்தம் வேட்கையைக் காண்கிறார்கள். மனநோய்க்கூறு பற்றிய நூல்கள் பல பக்கங்களில் சொல்வதைக் கம்பன் ஒரு காட்சியில் முடித்துவிடுகிறான் என்றால் மிகையன்று.

நிமித்தங்கள் வேறோர் இழை. சீதை தன் நிமித்தங்களுக்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறாள்: மிதிலைக்கு இராமன் வந்த நாளில் இடம் துடித்தது, நாடு பரதனுக்கென்றான போதும் இராவணன் வஞ்சித்து வந்த போதும் வலம் துடித்தது, இப்போது மீண்டும் இடம். அவள் உறங்காததால் கனவு காண இயலாது. ஆகவே அவளுக்காகத் திரிசடை கனவு காண்கிறாள். எண்ணெய் பூசிய இராவணன் கழுதை பூட்டிய தேரில் தென்திசை செல்லும் கனவு அது. மண்டோதரிக்கோ இத்தகைய துணை யாரும் இல்லை. சீதையைத் தேடிவரும் அனுமன், குழல் சோர்ந்து உறக்கத்தில் ஏதோ பிதற்றும் அவளைப் பார்த்து, இவள் கணவனுக்கும் இந்நகருக்கும் அழிவு உண்டு என்று முடிவு செய்கிறான். அவளது உறக்கமே நிமித்தமாகிவிட்டது. அதை அவள் அறியாள்.

வான்மீகத்தில், சீதை வந்தது முதல் வேள்வித்தீ புகைவதையும் அடுக்களைகளில் பாம்புகள் தென்படுவதையும் வீடணன் எடுத்துரைக்கிறான். எங்கிருந்தும் தனக்கு அச்சமில்லை என்கிறான் அண்ணன். அவன் மறுப்பது நிமித்தங்களையன்று, அவை தன்னைத் தொடும் என்பதை. நாத்திகத்தைவிட இது ஆபத்தானது என்பது நம் எண்ணம்.

இறுதியில் மண்டோதரி புலம்புகிறாள். முன்பு தவத்தால் வென்ற புலன்களே பகைதீர்த்து இராவணனை வீழ்த்தின என்கிறாள் வான்மீகத்தின் மனைவி. கம்பனின் மனைவியோ, உடலுள் எங்கேனும் சானகி மீதான காதல் ஒளிந்திருக்குமோ என்று அம்பு துளைத்துத் தேடியதோ என ஐயுறுகிறாள். பின் அவன் உடலைத் தழுவி இறக்கிறாள். துரோகம் இழைத்தவனை அவள் ஒரு சொல்லால்கூட விலக்கவில்லை. அந்த ஐயத்திற்குள் எல்லாப் புண்ணும் இருக்கிறது.

மகளிர் அழகில் சிக்கிய தன்னை விட்டுவிடாதே என்று மாணிக்கவாசகர் இறைஞ்சும் நீத்தல் விண்ணப்பமும் இதே மங்கைத் தலைவனை நோக்கித்தான். பொய்ச்சான்று சொன்னதற்காகச் சிவபூசையிலிருந்து தள்ளப்பட்டதாகச் சொல்லும் தாழம்பூவை இக்கோயிலில் ஏற்கிறார்கள்.