பலூன் கம்பெனியும் ஜி.ஐ. ஜோவும்

அம்பத்தூர் வீட்டு அலமாரியில ஒரு பேட்மேன் நிக்கிறார். ஹாங்காங் ஹாட் டாய்ஸ் தயாரிப்பு, ஆள் உயரத்துல ஆறில் ஒரு பங்கு, முகம் அச்சு அசல் நடிகரேதான். வர்றவங்க எல்லாம் அவரைத்தான் பார்ப்பாங்க. எனக்கென்னவோ பக்கத்துல நிக்கிற விரல் நீள ஜி.ஐ. ஜோதான் ஒசத்தி. அண்ணன் விளையாடினது.

இந்த மாதிரி உருவங்களுக்கெல்லாம் தாத்தா, அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ 1964-ல விட்ட 12 அங்குல ஜி.ஐ. ஜோ. பொம்மைன்னு சொன்னா பையன்கள் தொட மாட்டாங்கன்னு 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு பேர் வச்சாங்க. 1982-ல அவரே 3¾ அங்குலமா சுருங்கிட்டார்.

இனி நம்மூர் கதை. 1946-ல மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆச்சு. அதே குழுமம் 1987-ல ஹாஸ்ப்ரோவோட சேர்ந்து ஃபன்ஸ்கூல் தொடங்கி, சுத்திச் சுத்தி விளையாட்டுச் சாமானுக்கே வந்துச்சு!

அமெரிக்காவுல வேலை முடிஞ்ச பழைய அச்சுகள்ல இங்க ஜோக்களை வார்த்தாங்க. கலர் பல சமயம் அசலோட ஒத்துப்போகாது. அந்தக் கலருக்காகவே இன்னிக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குறாங்க. நாமளோ பரீட்சை வருதுன்னு பரண்ல ஏத்தி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டோம்.

நம்ம பசங்க விளையாடினதோட வரலாறு இப்ப அடுத்தவன் அலமாரியில இருக்கு. மிச்சம் இருந்தா எடுத்து வைங்க மக்களே :-)