தென்சென்னைப் புறநகருக்கு லேத் வந்த வழி

கடைசல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்கள் கடைசலில் பிறந்தவையே. பழைய முறையில் ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்றுவார்; இன்னொருவர் உளி பிடிப்பார். உலோகத்துக்குக் கைப்பிடி உளி போதாது. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, உளியை இரும்புத் தாங்கியில் பூட்டி, திருகுத் தண்டால் நகர்த்தும் லேத்தைச் செம்மையாக்கினார். அதற்குப் பிறகு வேலையின் துல்லியம் கையின் உறுதியை நம்பி இருக்கவில்லை.

தாம்பரம் வட்டாரத்துக்கு இந்த இயந்திர உலகம் தண்டவாளத்தோடு வந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில்கள் ஓடத் தொடங்கின; அவற்றைப் பராமரிக்கும் பணிமனை தாம்பரத்தில் அமைந்தது. 1949இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. சிறுதொழில்களுக்கென்றே கிண்டி தொழிற்பேட்டை 1958இல் உருவானது. உள்நாட்டு லேத்துகளும் அதற்குள் வந்துவிட்டன: ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941இலும், பெங்களூரில் எச்.எம்.டி. 1953இலும் தொடங்கப்பட்டவை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவருக்குப் பட்டறையே இரண்டாவது பள்ளி. ஆனால் அவர் வீட்டில் சொந்தமாக லேத் வைக்கத் தடையாக இருந்தவை விலையும் மின்சாரமும். பெரிய லேத்துக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். மேசை லேத்தோ வீட்டு ஒற்றை பேஸிலேயே ஓடும். கருவி தேடுவோருக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் ஒரு வாசல். அளவுகோலும் சக் சாவியும் அங்கே கிடைக்கலாம். லேத்தின் அடிப்பகுதியான பெட் நேராகக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மேசை லேத்தை நிறுவுவதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, நான்கு போல்ட்டையும் இறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மேசை சற்றுக் கோணலாக இருந்தால், போல்ட் இறுக இறுக பெட்டும் முறுக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்புதானே, அசையாது என்ற எண்ணம் தவறு. இதைக் காட்டிக்கொடுப்பது சோதனைக் கம்பி. 25 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் துணையில்லாமல் 150 மி.மீ. வெளியே நீட்டி, இரு முனைகளிலும் ஒரே அமைப்பில் மெல்லிய கடைசல் போட வேண்டும். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒன்றானால் பெட் நேர். வெளிமுனை தடித்திருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு செருகி, மறுபடி கடைந்து பார்க்க வேண்டும். தச்சரும் கொத்தனாரும் நூல் கணக்கில் பேசுவார்கள். ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. லேத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கே பேச்சு.

வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையோ, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டு, சில ஆண்டுகளிலேயே உற்பத்தியை நிறுத்தியது. அந்த நிலத்தில் இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன.