உப்புவெளியில் பெயருள்ள கற்கள்

நிலாவெளிக்குக் கடல் குளிக்கப் போற எல்லாரும் அந்த இடத்தைக் கடந்துதான் போறம். திருகோணமலை ரவுணில இருந்து ஆறு கிலோமீற்றர் வரும், உப்புவெளியில், றோட்டுக்கரையில. பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்தால் ஆரோ காசுக்காரரின்ர தோட்டம் மாதிரி இருக்கும். இந்த முறை இறங்கிப் போனம்.

ஒழுங்கா வெட்டின புல்லு, மர நிழல், வரிசை வரிசையாக் கற்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்களின் சேமக்காலை இது. கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. கன பேருக்கு எங்கட வயதுதான். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் எண்ட கதை இல்லை. கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழு 1917இல் தொடங்கின காலத்தில இருந்தே பிடிச்சுக்கொண்டு வாற விதி அது. இந்தியச் சிப்பாய்களும் இங்க இருக்கினம். வடிவான இடம். அப்பிடிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாவும் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்து ஏன் செத்தவை? துறைமுகம்தான் காரணம். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபிறகு பிரிட்டனின் கிழக்குக் கடற்படைக்கு இலங்கையை விட்டால் பெரிசா வேற இடமில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில குண்டு போட்டன. 9ஆம் திகதி காலமை திருகோணமலை. நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில இருந்து கிளம்பின 130 வரையான விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் அடிச்சன. தப்பட்டும் எண்டு முதல்நாளே வெளியால அனுப்பின ஹெர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டது. அதில அப்ப ஒரு விமானமும் இல்லை. கப்பலும் 300க்கும் மேற்பட்டவர்களும் கடலுக்குள்ள போச்சினம். கிட்ட நிண்ட வீற்றா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் 600 பேர் வரையில தூக்கிக் காப்பாத்தினது. (உப்புவெளியை "ஹெர்மிஸ்காரரின்ர சேமக்காலை" எண்டு சொல்லுறது முழுக்கச் சரியில்லை. அவையில கனபேரை எடுக்கவே இல்லை. பெயர்கள் இங்கிலாந்துத் துறைமுக நகரங்களின் நினைவுச்சின்னங்களில் இருக்கு.)

அண்டைக்குத் துறைமுகத்துக்குள்ள எரிஞ்ச சகாயிங் எண்ட சரக்குக் கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் தண்ணிக்குள்ள இருந்து தூக்கி எடுத்தது. சீனக்குடாவில ஒரு விமானம் எண்ணெய்க் குதமொண்டில விழுந்து, குதம் நாள்க்கணக்கா எரிஞ்சது. மிச்சமான 99 குதங்களுக்கும் கணக்கிருக்கு: 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோட இணைஞ்ச கடிதங்களில் அவை வருகுது; 2022 ஜனவரியில் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டுபேரும் சேர்ந்து நடத்த 61 எண்டு பிரிச்சாச்சு. கூட்டிப் பாருங்கோ, சரியா வரும்.

இரும்புக்கு இருக்கிற இந்தக் கணக்கு இந்த மாவட்டத்தில செத்த சனத்துக்கு இல்லை. துறைமுகத்துக்கு மற்றப் பக்கம், சம்பூரில, ஆலங்குளம் மாவீரர் துயிலுமில்லம் இருந்தது. அங்கயும் வரிசை இருந்தது, பெயர் இருந்தது. வடக்கு கிழக்குத் துயிலுமில்லங்களை இராணுவம் இடிச்சதோட அதுவும் போச்சு. நவம்பர் 27இல் தாய்மார் வெறும் நிலத்தில விளக்கேத்தினம். 2024 மே மாதம் அதே சம்பூர்ப் பக்கம் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்த பெண்களைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது. புலிகளைப் பற்றி எங்கட குழுவுக்குள்ளேயே ஒரே கருத்தில்லை. அது வேற சண்டை. ஆனால் 80 வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரப் பிள்ளையின்ர கல்லைக் கழுவி வைக்கிற அதே நாட்டில, இந்த மண்ணில பிறந்த பிள்ளையின்ர கல்லை ஏன் உடைக்கவேணும் எண்டதில எங்களுக்குள்ள இரண்டு கருத்தில்லை. உப்புவெளிப் புல்லைக் குறை சொல்ல வரயில்லை. அப்பிடி வைச்சிருக்க ஏலும் எண்டு காட்டுறதே அந்தப் புல்லுத்தான்.

பின்னேரம் ரவுணுக்குத் திரும்பி, காந்தி சிலையடிக் கடற்கரையில இருந்தம். சனம் கச்சான் வாங்கிக்கொண்டு நிண்டது. 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்களைப் படையினர் சுட்டது இந்தக் கரையிலதான். வழக்கில நிண்ட 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவிச்சது. ஒவ்வொரு ஜனவரி 2ஆம் திகதியும் பெடியளின்ர படங்களைக் கொண்டுவந்து வைச்சு, விளக்கேத்திப் போட்டு, படங்களைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகினம்.