செவிகொடுக்கும் பணி: இலண்டன் சமாரியர் இயக்கத்தின் தோற்றம்

1935ஆம் ஆண்டில், சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் உதவிக் குரு லிங்கன் நகரில் தம் முதல் அடக்கத்தை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. பூப்பெய்தியதைக் கொடிய நோயெனக் கருதி அஞ்சிய அவள், கேட்டுத் தெளிய ஒருவருமின்றித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்நாளில் இங்கிலாந்துச் சட்டம் தற்கொலையைக் குற்றமெனக் கொண்டது. அவ்வாறு இறந்தோருக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தலாகாது என 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகமும் விதித்திருந்தது. சட்டமும் திருச்சபையும் ஒருங்கே கதவடைத்த நிலையில், நம்பிக்கையிழந்தோர் தம் உள்ளத்தை யாரிடம் திறக்கக்கூடும்?

இவ்வினாவுக்கு விடை காண வாராவுக்கு வாய்ப்பளித்தது இலண்டன் மாநகரின் வணிகப் பகுதியிலுள்ள புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயம். அங்குக் குடியிருப்போர் மிகச் சிலரே. ஆதலின் குருவுக்கு ஓய்வு நேரம் மிகுதி. 1953 நவம்பர் 2ஆம் நாள், ஆலயத் தொலைபேசி வழியே கட்டணமின்றி உதவும் பணியை அவர் தொடங்கினார். 'சமாரியர்' என்னும் பெயரை அவர் சூட்டவில்லை. 'டெய்லி மிரர்' நாளேடே அதனை வழங்கியது.

இயக்கத்தின் திருப்புமுனை பின்னரே வந்தது. குருவைக் காண வந்தோர் காத்திருக்கையில், உதவிக்கு வந்த விசுவாசிகள் தேநீர் தந்து, அவர்கள் கூறியதைப் பொறுமையுடன் கேட்டனர். பலர் குருவைக் காணாமலே ஆறுதல் பெற்றுத் திரும்பினர். இதனை உணர்ந்த வாரா, 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். கேட்டதை மறைபொருளாகக் காத்தல், சமயப் பிரசாரம் செய்யாதிருத்தல், மருத்துவம் தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புதல் ஆகியன அவர்தம் நெறிகளாயின.

காலப்போக்கில் திருச்சபையின் மனநிலையும் மாறிற்று. தற்கொலை குற்றமாயிருத்தல் தகுமோ என ஆராய்ந்து, அச்சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்த அறிக்கையொன்றை இங்கிலாந்துத் திருச்சபை 1959இல் வெளியிட்டது. 1961இல் சட்டம் திருத்தப்பட்டது. தோழமை வழியே துயர் துடைக்கும் இம்முறை பிற நாடுகளிலும் பரவியது. சென்னையில் 1986இல் தோன்றிய 'சிநேகா' அம்மரபைச் சார்ந்ததே. 2022 முதல் இந்திய அரசின் 'டெலி-மானஸ்' சேவையும் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி இயங்குகிறது.

இவ்வரலாறு ஆயர்களாகிய நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, செவிகொடுத்தல் குருவுக்கு மட்டும் உரிய வரமன்று. சபையாரைப் பயிற்றுவித்து அவர்களிடம் அதனை ஒப்படைத்தல் வேண்டும். இரண்டாவது, எல்லா நோவையும் நாமே ஆற்ற முயலுதல் தகாது. உவமையில் வரும் சமாரியன் காயங்களைக் கட்டிய பின்னர், அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுசேர்த்தான், செலவையும் ஏற்றான், திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். தம் நகரில் மனநல மருத்துவமனை எங்குள்ளது, குடிநோய்க்குச் சிகிச்சை எங்குக் கிடைக்கும், நள்ளிரவில் எவ்வெண்ணை அழைக்கலாம் என்பவற்றை அறிந்துவைத்தல் மேய்ப்புப் பணியின் புறம்பான அலுவலன்று. அங்கு அனுப்பியவரை மறுவாரம் சென்று காண்பதும் அப்பணியைச் சார்ந்ததே.