ஆலமரத்தடியில் புதியவருக்கு ஓர் இடம்



பணி ஓய்வுக்குப் பிறகு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய மாணவர்கள் சிலருக்கும் என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். எப்படித் தட்டச்சு செய்வது, படம் ஏற்றுவது என்பதெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது வேறு கேள்வி. "நாம எழுதினா ஏத்துக்குவாங்களா சார்?"

சின்னக் கேள்விதான். ஆனால் இணையத்தில் தமிழ் வளர்ந்த வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1990களில் கணினித் தமிழுக்கு வந்தவர்களை முதலில் தடுத்தது எழுத்துருதான். ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை 1999இல் வந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் யார் எழுதினாலும் எல்லாரும் படிக்கலாம் என்ற நிலை பிறந்தது. அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கிவிட்டது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும் பழக்கம் கணினிக்குள்ளும் வந்தது என்றே சொல்வேன்.

ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழுக்கு 2003 செப்டம்பரில் பக்கம் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கி, ஏறத்தாழ ஓராண்டு தனியாளாகவே கட்டுரைகளை எழுதினார். பிறகு இலங்கை, தமிழ்நாடு, கனடா என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது.

அந்த முன்னோடிகள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயனர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்தார்கள். எழுதிப் பழகும் இடத்துக்கு 'மணல்தொட்டி' என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துக் கற்றார்கள். தப்பாகப் போனால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். யாரும் அடிக்கமாட்டார்கள் என்ற தைரியம் இருந்தால்தான் விரல் நகரும். இதைப் பாடம் நடத்திய எவருக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மரத்தடிக்கு வருகிறவரை "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல ஆள் வேண்டும்.

இதை ஆங்கில விக்கிப்பீடியா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அங்கே தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்துக்குப் போய், பிறகு சரியத் தொடங்கியது. காரணம் என்ன என்று ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. விஷமிகளைத் தடுக்க உருவாக்கிய விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தையும் சேர்த்து நீக்கின. அப்படி நீக்கப்பட்டவர்கள் திரும்ப வரவில்லை என்று அது காட்டியது. களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதைதான். இதற்கு மருந்தாக 2012இலேயே அங்கே புதியவர்களுக்கென்று 'தேநீரகம்' என்ற பக்கத்தைத் திறந்திருந்தார்கள். எவ்வளவு எளிய சந்தேகமானாலும் அங்கே கேட்கலாம், அன்பாகப் பதில் சொல்வார்கள்.

தமிழில் ஆட்களைத் தேடிப் போனார்கள். 2010 செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசும் தமிழ் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். 2017இல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடந்தன. அந்த ஆண்டு மே மாதம்தான் ஒரு லட்சம் கட்டுரை என்ற எல்லையையும் தமிழ் தாண்டியது. போட்டியும் பயிற்சியும் ஆட்களை அழைத்து வரும். அவர்களைத் தங்க வைப்பது அதற்குப் பிறகு கிடைக்கும் முதல் பதில்தான்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம்.

விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கெல்லாம் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் இருக்கிறது. அரசின் ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவை வைத்து, நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதிவரும் தமிழ்க் கணிமை வல்லுநர் உருவாக்கிய தானியங்கி அவற்றை எழுதியது. மனிதர்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பெரிய உதவி அது.

அந்தப் பக்கங்களில் மக்கள்தொகை, கைக்குழாய், மேல்நிலைத் தொட்டி, சாலை, சுடுகாடு, சிற்றூர்களின் பெயர் எல்லாம் இருக்கும். 'ஊரணிகள் அல்லது குளங்கள்' என்று ஒரே வரியும் இருக்கும். நம் மானாவாரிச் சீமையில் அந்த ஒரு வரி போதுமா? ஊருணி குடிக்க, கண்மாய் பாசனத்துக்கு. எந்தக் கண்மாய் நிறைந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், எந்த வரத்துக்கால்வாயைச் சீமைக் கருவேலம் அடைத்தது, எந்தச் சிற்றூர் பஞ்சம் பிழைக்கப் போய்க் காலியானது, இதெல்லாம் அட்டவணைக்குத் தெரியாது. ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் அந்த ஊர்க்காரர்தான் கண்டுபிடிப்பார். அவர்தான் இந்த வேலைக்குப் புதியவர், "ஏத்துக்குவாங்களா?" என்று தயங்கி நிற்பவரும் அவர்தான். அவர் திரும்பிப் போனால் அந்தச் செய்தியும் அவரோடு போய்விடும்.

ஆதாரம் வேண்டும் என்ற விதி நியாயமானது. தாத்தா சொன்னார் என்று எழுத முடியாது. ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். காரணம் சொல்லாமல் நீக்கினால் அவர் போய்விடுவார். "தகவலுக்கு நன்றி ஐயா. நூலிலோ அரசு ஆவணத்திலோ இது இருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டால், அடுத்த வாரம் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டையோ கோயில் தலவரலாற்றையோ தேடிப் போவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் மூன்று வேலை சொல்வேன். முதல் நாள் மணல்தொட்டியில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது, உங்கள் ஊர்க் கண்மாய் மடையையோ கலுங்கையோ நீங்களே படம் எடுத்து ஏற்றுங்கள். மூன்றாவது, ஊராட்சிப் பக்கத்தில் தப்பு தெரிந்தால், திருத்தத் தயக்கமாக இருந்தால், அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் "இது சரியில்லை, காரணம் இது" என்று எழுதி வையுங்கள். குறை சொல்வதும் பங்களிப்புதான். பார்க்கிறவர் சரிசெய்வார்.

ஏற்கெனவே அங்கே எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புதியவர் எழுதியதை நீக்க வேண்டி வந்தால், நீக்கிய கையோடு அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அழுத பிள்ளையை மறுநாளும் பள்ளிக்கு வரவைத்தது பாடப்புத்தகமா? வாசலில் நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போன டீச்சர்தானே?