திரு நின்ற ஊரில் தாய்க்கு ஒரு வீடு

நாம் வாழும் இவ்வூருக்குப் பெயர் வந்த வரலாற்றை நம் பங்கு மக்கள் நன்கறிவர். திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற தலமாதலால் இது திருநின்றவூர் ஆயிற்று என்பது வைணவ அன்பர்களின் மரபு. இங்குள்ள பெருமாள் கோயிலில் அவளுக்கு "என்னைப் பெற்ற தாயார்" என்பதே பெயர். சைவ அன்பர்களோ பூசலார் நாயனாரைப் போற்றுவர். கோயில் கட்டக் கையில் பொருளில்லாத அவர், மனத்தாலேயே அடிக்கல் இட்டு, மனத்தாலேயே சுவரெழுப்பிக் கட்டி முடித்தார் என்பர். தாய் ஒருத்தி வந்து நின்ற ஊர்; ஏழை ஒருவர் மனத்தால் கட்டிய ஊர். இவ்விரு மரபுகளையும் மதிப்போடு நினைவுகூர்ந்து, இந்த யூபிலி மலரில் ஒரு வரலாற்றை எழுத முனைகிறோம். துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்குப் பலர் கை கூடி வீடு எழுப்பிய வரலாறு அது.

யூபிலி என்ற சொல்லே நிலத்தோடும் வீட்டோடும் பிணைந்தது. வறுமையால் கைமாறிய நிலம் ஐம்பதாம் ஆண்டில் உரிய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. நம் ஆண்டவரும் சிலுவையில் தொங்கிய வேளையில் தம் தாயை மறக்கவில்லை. அன்புச் சீடரிடம் அவரை ஒப்படைத்தார். சீடரும் அத்தாயைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். கைம்பெண்ணான தாய்க்கு ஒரு கூரை தேடித் தருவது கல்வாரியிலேயே தொடங்கிய பணி என்று சொன்னால் மிகையாகாது.

இக்காலத்தில் இப்பணிக்கு வழி காட்டியவர்களுள் ஒரு பங்குத்தந்தையும் உண்டு. கனடா நாட்டு நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்க ஊராகிய ரிசர்வ் மைன்சில் பணியாற்றிய அருட்தந்தை ஜிம்மி டாம்கின்ஸ் அவரே. மக்களைக் கூட்டி வைத்துப் படிக்கச் செய்து, கூட்டுறவு வழியைக் கற்பித்தார். மேரி அர்னால்டு என்னும் பெண்மணி திட்டம் வகுத்துத் தர, 1938இல் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தாமே தமக்கு வீடு கட்டிக்கொண்டன. கையில் முன்பணம் இல்லாதவர்க்கு உழைப்பே முன்பணம் என்னும் உண்மையை அவ்வூர் நிலைநாட்டியது.

அடுத்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அங்கே 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்னும் பாப்திஸ்து சபைப் போதகர், வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உழைத்து உண்ணும் கொய்னோனியா பண்ணையை நிறுவினார். அப்பண்ணைக்கு வந்த மில்லர்டு ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர், ஜோர்டனிடம் கற்ற வழியை 1973 முதல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் நடத்திப் பார்த்து, 1976இல் 'ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினர்.

அவர்கள் வகுத்த முறையைச் சற்று நின்று பார்ப்போம். தொண்டர்கள் கூலி வாங்காமல் கட்டுவர். வீடு பெறும் குடும்பமும் அவர்களோடு நின்று மண் சுமக்கும், செங்கல் எடுத்துத் தரும். பின்னர் வீட்டின் விலையை, லாபமும் வட்டியும் சேர்க்காமல், சிறுசிறு தவணைகளாகச் செலுத்தும். அப்பணம் அடுத்த ஏழையின் வீட்டுக்குச் செல்லும். ஆகவே இன்று உதவி பெற்றவள் நாளை உதவுபவள் ஆகிறாள். தானம் வாங்கியவள் என்ற தலைகுனிவு அவளுக்கு இல்லை. 1991இல் சார்லட் நகரில் ஒரு வீட்டைப் பெண்களே கூடிக் கட்டி முடித்தனர். கரண்டியும் மட்டப்பலகையும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அது காட்டிற்று. இந்த அமைப்பு இந்தியாவில் கால் வைத்தது 1983இல், கம்மம் நகரில். 2006இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் துணைவியாரோடு மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே வந்து, தொண்டர்களோடு தாமும் சுவர் எழுப்பினார்.

நம் தமிழ்நாட்டின் வரலாறோ இன்னும் உருக்கமானது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், கீழ்வெண்மணியில் 44 ஏழை எளியோர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். அச்செய்தி கேட்டுக் கீழைத் தஞ்சைக்குச் சென்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், தம் கணவரோடு 1981இல் 'லாப்டி' என்னும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துத் தந்தார். அந்நிலத்தைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்யச் செய்தார். பின்னர் வீடு கட்டும் பணியிலும் இறங்கினார். பத்திரம் பெண்ணின் கையில் இருந்தால் அதைக் குடிக்காக எவரும் அடகு வைக்க முடியாது என்பதை அவர் கண்டிருந்தார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று தமிழக அரசும் விதித்தது. கொச்சியை அடுத்த தோப்பும்படியில், அருட்சகோதரி லிசி சக்காலக்கல் தலைமையில் ஒரு கன்னியர் பள்ளி, தன் பவள விழாவை ஒட்டித் தந்தையை இழந்த மாணவி ஒருத்திக்கு வீடு கட்டியது. பிள்ளைகளும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் பணமும் பொருளும் உழைப்பும் தந்தனர். அந்த ஒரு வீடு பெருகி, இதுவரை 150 வீடுகளைக் கடந்துவிட்டது. அவற்றைப் பெற்றவர்களில் பலர் கைம்பெண்கள். ஒரு விழாவின் நினைவாக இதைவிடச் சிறந்த சின்னம் வேறு வேண்டுமோ?

அன்பார்ந்த பங்கு மக்களே, அதிகாலை ரயிலேறி அம்பத்தூருக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குச் செல்லும் தாய்மாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். வாடகையும் அட்வான்சும் அவர்களின் கூலியை விழுங்குகின்றன. கணவன் இறந்ததும், அவன் உடன்பிறந்தாரே வீட்டைக் கேட்டு வருவதும் உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறோம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது. எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக உரியது. பிள்ளைகள் இருக்கையில் இறந்தவரின் சகோதரர்களுக்கு அதில் பங்கில்லை. மேலும், 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது.

மேற்சொன்ன வரலாறுகள் கற்பிக்கும் பாடம் ஒன்றே. செங்கல் மட்டும் ஒரு தாய்க்கு வீடாகிவிடாது. அவள் பெயரில் பத்திரம் வேண்டும். அவள் தாங்கக்கூடிய தவணை வேண்டும். அவளோடு நின்று கட்டும் கைகள் வேண்டும். நம் பங்கில் கொத்தனார் உண்டு, தச்சர் உண்டு, மின்பணியாளர் உண்டு. அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்று, மனு எழுதத் தெரிந்தவர்களும் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும் இவர்களை ஒன்று கூட்டினால், ஒரு தாயின் பட்டாவுக்காக அலுவலகப் படியேறுவதும், அவள் வீட்டுக்கு ஒரு நாள் உழைப்பைத் தருவதும் நமக்கு அரிய செயலன்று.

பூசலார் மனத்தால் கட்டினார். நாமோ மனத்தோடு கைகளையும் சேர்ப்போம். நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர் நம் முயற்சிக்குத் துணை நிற்பாராக!